கடல் உப்பில் அயோடின் இருக்கிறதா?

அடுப்பங்கரையில் இருக்கும் உப்பு ஜாடியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அதில் இருப்பது பாக்கெட்டில் வந்த தூள் உப்பா, உப்பு வண்டியில் படிக்கணக்கில் அளந்து வாங்கிய கல்லுப்பா, இல்லை இப்போது நாகரிகமாகிவிட்ட இளஞ்சிவப்பு இந்துப்பா? உங்கள் வீட்டில் ஒரு கர்ப்பிணியோ, கைக்குழந்தைக்குத் தாயோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோ இருந்தால் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

ஒரு சித்த வைத்தியன் உப்பைப் பற்றிப் பேச வந்தால், 'பாக்கெட் உப்பைத் தூக்கிப் போடுங்கள், பழையபடி கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறுங்கள்' என்றுதான் சொல்லப் போகிறான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

சுரண்டையில் என் வைத்தியசாலைக்கு வருகிற தாய்மார்களிடம் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து முடித்ததும் 'வீட்டில் என்ன உப்பு?' என்று கேட்பது என் வழக்கம். பத்துப் பேரில் நாலைந்து பேர் சொல்லும் பதில் ஒரே மாதிரிதான் இருக்கும். 'அய்யா, நாங்க என்ன மலை உச்சியிலயா கெடக்கோம்? தூத்துக்குடி கல்லுப்புதான் போடுதோம். கடல் உப்புல இல்லாத அயோடினா பாக்கெட்டுக்குள்ள இருக்கப் போவுது?'

நியாயமான கேள்வி போலத்தான் தெரிகிறது. கடலில் அயோடின் இருக்கிறது; கடல் தண்ணீரைக் காய வைத்தால் உப்பு; ஆகவே உப்பிலும் அயோடின் இருக்கத்தானே வேண்டும்? படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது வேறு.

கடலில் இருப்பது கல்லில் வருவதில்லை

முதலில், கடல் தண்ணீரிலேயே அயோடின் மிக மிகக் குறைவு. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதே ஒரு லிட்டரில் உப்பு முப்பது கிராமுக்கு மேல் இருக்கும். அடுத்து, உப்பளப் பாத்தியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட, நாம் சாப்பிடும் உப்பு முதலில் கல்லாக உறைந்து அடியில் படிகிறது. அயோடின் அந்தக் கல்லுக்குள் போய் உட்காருவதில்லை. கசப்பாக மிஞ்சி நிற்கும் தண்ணீரோடு அது தங்கிவிடுகிறது. கொஞ்சம் காற்றிலும் போய்விடுகிறது. தொழிலாளர்கள் உப்பை வாரிக் குவித்த பிறகு அந்தக் கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறார்கள். ஆக, அம்பாரமாகக் குவித்து வைத்திருக்கும் அந்த வெள்ளை வெளேரென்ற உப்பில் அயோடின் பெயருக்குத்தான் இருக்கும். நம் தேவைக்கு அது காணவே காணாது.

அப்படியானால் கடலில் உள்ள அயோடின் எங்கே சேர்கிறது? கடற்பாசியில்! 1811-ம் வருடம் பிரான்ஸ் தேசத்தில் பெர்னார்ட் கூர்த்துவா என்பவர் அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசியைச் சுட்ட சாம்பலில் இருந்துதான். வெடியுப்பு தயாரிக்கிற வேலையில் இருந்தவர் அவர். சாம்பலில் அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியதும் ஊதா நிறத்தில் ஆவி கிளம்பியது. 'ஊதா' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் அயோடின் என்ற பெயரும் வந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே சீன வைத்தியர்கள் கழுத்து வீக்கத்துக்குக் கடற்பாசியைக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் தெரியாமலே சரியான மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்! நம் மன்னார் வளைகுடாவிலும் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆனால் நம் சமையலில் கடற்பாசிக்கு ஏது இடம்? மீனும் முட்டையும் பாலும் கொஞ்சம் அயோடின் தரும். மீன் வாரத்தில் ஒரு நாள், முட்டை எப்போதாவது என்று இருக்கும் வீடுகளில் அதுவும் போதாது.

குற்றாலத்து மழையும் ஒரு காரணம்

மண்ணில் விளைவதில் இருந்து கிடைக்காதா என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். ஆனால் ஆயிரமாயிரம் வருடங்களாக அந்த மலையில் கொட்டுகிற மழை, மண்ணில் உள்ள அயோடினைக் கரைத்துக்கொண்டே போகிறது. குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னக்காயலில் கடலில் விழுகிறது. மலைமண்ணில் இருந்த அயோடினும் அதே வழியாகத்தான் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு அந்தக் கடல் தண்ணீரில் விளைந்த உப்பு லாரி ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து சுரண்டைக்குத் திரும்பி வருகிறது. உப்பு வருகிறது, அயோடின் வருவதில்லை!

மலையடிவாரம், வெள்ளம் அடித்துப் போகிற ஆற்றங்கரை, அடிக்கடி மழையில் கழுவப்படும் நிலம், இங்கெல்லாம் விளையும் நெல்லிலும் கீரையிலும் காய்கறியிலும் அயோடின் குறைவாகத்தான் இருக்கும். அந்த மண்ணில் மேய்கிற மாட்டின் பாலிலும் அப்படியே. இமயமலை அடிவாரத்தில் ஒரு காலத்தில் கழுத்து வீங்கிய ஆட்களைச் சர்வசாதாரணமாகப் பார்க்க முடிந்தது. அதனால் இதை 'மலைநோய்' என்றே நினைத்திருந்தார்கள். பிறகு நாடு முழுவதும் சோதித்துப் பார்த்தால் சமவெளியிலும் கடலோரத்திலும்கூட இந்தக் குறை இருப்பது தெரிய வந்தது. சோதித்த 414 மாவட்டங்களில் 337 மாவட்டங்களில் இருந்தது என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. கடற்கரையில் குடியிருந்தால் கடல் காற்றிலேயே அயோடின் கிடைத்துவிடும் என்கிற பேச்சையும் மறந்துவிடுங்கள்.

கடுகளவும் வேண்டாம்

அயோடினை நுண்தாது என்கிறோம். எவ்வளவு நுண்மை தெரியுமா? வளர்ந்த ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. ஒரு வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 55 மில்லிகிராம்கூட வராது. எழுபது வயது வரை வாழ்கிறவருக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்து நாலு கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டி நிறையாது! ஆனால் அந்தத் தேக்கரண்டியை ஒரே நாளில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. உடம்பில் இதைச் சேமித்து வைக்கும் இடம் சின்னது. அதனால் தினம் தினம் கொஞ்சம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தச் சின்ன இடம்தான் தைராய்டு சுரப்பி. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். எடை இருபது கிராம் அளவுக்குத்தான். ரத்தத்தில் வரும் அயோடினைப் பிடித்து வைத்துத் தைராக்சின் என்ற சுரப்பு நீரை இது தயாரிக்கிறது. தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நாலு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் வராவிட்டால் தைராக்சின் இல்லை. உலை கொதித்தாலும் அரிசி இருந்தால்தானே சோறு!

தைராக்சின் குறைந்தால் உடம்பின் அக்கினியே மட்டுப்பட்டு விடுகிறது என்று சித்த மருத்துவ பாஷையில் சொல்லலாம். சோர்வு, உடம்பு கனத்தல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு எல்லாம் வரும். எங்கள் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் பலர் இந்த 'அசதி'யோடுதான் வருகிறார்கள். உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் வந்த அசதி என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். அதில் பாதிக்கு ரத்தசோகைதான் காரணம். ஆனாலும் தைராய்டையும் ஒரு தடவை சோதித்துவிடுவது நல்லது என்று எழுதிக் கொடுப்பேன்.

அயோடின் வரத்து குறைந்தால் சுரப்பி சும்மா இருக்காது. இருக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிக்க வேண்டும் என்று பெருக்க ஆரம்பிக்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை. சிலர் இதைக் கண்டமாலை என்று சொல்லுவார்கள். கண்டமாலை என்பது கழுத்தில் மாலை போல வரிசையாகக் கிளம்பும் நெறிக்கட்டி; அதற்குக் காரணம் வேறு, வைத்தியம் வேறு. கழுத்தில் கட்டி என்றதும் பெயரை நீங்களே வைத்துக்கொண்டு பற்றுப் போட்டுக் கொண்டிருக்காமல், காட்டிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

கழலை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் ஆள் பயந்து வைத்தியரிடம் வந்துவிடுகிறார். தெரியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அது வயிற்றில் வளரும் பிள்ளைக்கு.

கரு உண்டான முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு வேலை செய்யாது. ஆனால் மூளைக்கு அஸ்திவாரம் போடுவது அந்த நாட்களில்தான். அதற்கு வேண்டிய தைராக்சின் முழுவதும் தாயிடம் இருந்துதான் போக வேண்டும். அதனால்தான் கர்ப்ப காலத்தில் தாயின் சுரப்பி ஒன்றரை மடங்கு வேலை பார்க்கிறது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தினம் 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடுமையாகக் குறைந்தால் கரு கலையலாம். குழந்தை காது கேளாமல், பேச்சு வராமல், வளர்ச்சி குன்றிப் பிறக்கலாம். இவ்வளவு கடுமையான நிலை நம் பக்கத்தில் அபூர்வம். ஆனால் மிதமான குறைபாட்டில் குழந்தை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஓடும், ஆடும். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் கொஞ்சம் மந்தமோ என்று தோன்றும். வாத்தியாரைக் குறை சொல்வோம், பிள்ளையை அடிப்போம், ஜாதகத்தைப் பார்ப்போம். உப்பு ஜாடியைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கடுமையான குறைபாடு உள்ள ஊர்களில் பிள்ளைகளின் புத்திக்கூர்மை அளவு மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடச் சராசரியாகப் பத்துப் புள்ளிக்கு மேல் குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளில் உலகத்திலேயே அதிகமானது அயோடின் குறைவால் வருவதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காங்க்ராவில் நடந்தது

'இதெல்லாம் உப்புக் கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்டது' என்று நினைப்பவர்களுக்காக ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே, நம் நாட்டு டாக்டர்களே செய்தது. இமாசலப் பிரதேசத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். கழலைக்குப் பேர் போன ஊர். டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவரோடு இருந்தவர்களும் 1956-ல் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, நடுவில் உள்ள ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. ஆறு வருடம் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்தார்கள். அயோடின் உப்பு சாப்பிட்ட இரண்டு பகுதியிலும் கழலை ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருந்தது. வெறும் உப்புப் பகுதியில் இறங்கவே இல்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை. உப்பு மட்டும்தான் வித்தியாசம்! பிற்பாடு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். அங்கேயும் கழலை இறங்கியது.

1962-ல் மத்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கழலை மட்டும் பிரச்சனை இல்லை, மூளையும் சம்பந்தப்பட்டது என்பதால் 1992-ல் அயோடின் குறைபாட்டு நோய்த் தடுப்புத் திட்டம் என்று பெயரை மாற்றினார்கள். சாப்பாட்டுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்று 1998-ல் தடை வந்தது, 2000-ல் அதை விலக்கினார்கள், 2006-ல் மறுபடியும் கொண்டு வந்தார்கள். 1930-ல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய மாநிலம் நம்முடையது. என் உப்பை நான் சாப்பிட அரசாங்கம் யார் என்கிற கோபமும், சிறு உற்பத்தியாளர் பிழைப்பு என்ன ஆகும் என்கிற கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் அயோடின் சேர்க்க ஆகிற செலவு கிலோவுக்குச் சில பைசாக்கள்தான். அந்தப் பைசாக் கணக்கைப் பிள்ளையின் மூளையோடு வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் நமக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. 1998-99-ம் வருடத் தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்தது. 2018-19-ல் நாடு முழுவதும் எடுத்த அயோடின் ஆய்வில் நிலைமை எவ்வளவோ முன்னேறியிருந்தது, ஆனாலும் 61.9 சதவிகிதத்தோடு நாட்டிலேயே கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு! அகில இந்திய அளவு 76.3. முதலிடம் எது தெரியுமா? உப்பளமே இல்லாத ஜம்மு காஷ்மீர், 99.8 சதவிகிதம். காரணம் எளிது. அங்கே உப்பு என்றாலே வெளியூரில் இருந்து அயோடின் சேர்ந்து, பாக்கெட்டில் அடைத்து வந்தால்தான் உண்டு. இங்கே உப்பளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூட்டை மூட்டையாக நேரே தெருவுக்கு வந்துவிடுகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு விளைவித்துக் கொடுக்கிற மாநிலத்துக்காரர்கள் நாம்!

இந்துப்பைப் பற்றி

இப்போது என் சொந்த வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச வருடமாக இந்துப்புக்கு ஏகப்பட்ட கிராக்கி. 'வெள்ளை உப்பு விஷம், இந்துப்பில் எண்பத்துச் சொச்சம் தாதுக்கள் இருக்கிறது' என்று கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். அதைச் சொல்பவர்களில் எங்கள் துறையைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு உப்பு வகைகளைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். கறியுப்பு, இந்துப்பு, வளையலுப்பு, வெடியுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு சுத்தி முறை. இந்துப்பு அருமையான மருந்துச் சரக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் இவற்றோடு இந்துப்பும் சேர்ந்த எட்டுச் சரக்குச் சூரணத்தை மந்தத்துக்கும் வாயுவுக்கும் இன்றும் நான் கொடுக்கிறேன். ஆனால் மருந்தில் சேரும் இந்துப்பு ஒரு வேளைக்குச் சிட்டிகை அளவுகூட வராது. அந்தச் சரக்கைத் தினம் மூன்று வேளையும் குழம்பிலும் சோற்றிலும் போட்டால் மருந்தின் குணம் கிடைத்துவிடுமா? கடுக்காய் நல்லது என்பதற்காகக் கடுக்காயிலா சாம்பார் வைக்கிறோம்?

இந்துப்பு பாறையில் வெட்டி எடுப்பது. இளஞ்சிவப்பு இந்துப்புக்குப் பேர் போனது பஞ்சாபில் பாகிஸ்தான் பக்கத்துக் கேவ்ரா சுரங்கம். ஒரு காலத்துக் கடல் வற்றி உறைந்த உப்புதான் அது. கல்லுப்பில் அயோடின் ஏன் இல்லை என்று மேலே சொன்னேனோ, அதே காரணம் இதற்கும் பொருந்தும். அந்தச் சிவப்பு நிறம் இரும்புத் துருவால் வருவது. மற்ற தாதுக்கள் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு நாம் சாப்பிடும் ஒரு தேக்கரண்டி உப்பில் அவை கிடைக்கும் அளவைவிட ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் பல மடங்கு கிடைக்கும். சாப்பாட்டு உப்பில் அயோடின் வேண்டும் என்கிற சட்டமேகூட மருந்து தயாரிக்க எடுக்கும் உப்புக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. மருந்து உப்பு வேறு, சாப்பாட்டு உப்பு வேறு என்பதைச் சட்டம் எழுதியவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அத்தையும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு மூன்றாம் மாதம். வாந்தி, ஒரே சோர்வு. வீட்டில் என்ன உப்பு என்றேன். 'ரெண்டு வருசமா சுத்தமான இந்துப்புதாங்க அய்யா. விலை கூடுதல்தான், ஆனா வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நல்லதா குடுக்கணும்லா' என்றார் அத்தை. அந்த அன்பில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ரத்தம் சோதித்ததில் தைராய்டு கொஞ்சம் மந்தமாக இருந்தது. இந்துப்பால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது; கர்ப்பத்தில் தைராய்டு மந்தப்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சுரப்பி ஒன்றரை மடங்கு உழைக்க வேண்டிய நேரத்தில் அதற்கு அயோடின் வரத்து குறைவாக இருக்கிறது என்பது நிச்சயம். அன்றே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். அவர் மாத்திரை தொடங்கினார். உப்பை மாற்றுவது என் பொறுப்பு. அத்தையைச் சம்மதிக்க வைக்க அரை மணி நேரம் ஆனது. 'நீங்களே இங்கிலீஷ் வைத்தியக்காரவுக மாதிரி பேசுதீகளே' என்று கோபித்துக்கொண்டார்!

வாங்குவதும் வைப்பதும்

பாக்கெட்டில் 'அயோடின் கலந்த உப்பு' என்று போட்டிருக்கிறதா, சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தூள் உப்புதான் வாங்க வேண்டும் என்பதில்லை. கல்லுப்பு போட்டால்தான் ருசி என்று நினைக்கிறவர்களுக்கு, அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் அயோடினோடு இரும்புச்சத்தும் சேர்த்த உப்பைத் தயாரிக்கிறது. ரத்தசோகை உள்ள வீடுகளுக்கு அது இன்னும் நல்லது.

கல்லுப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அழுக்குப் போகட்டும் என்று சிலர் கல்லுப்பைக் கழுவிவிட்டுப் போடுகிறார்கள். அயோடின் கல்லின் மேல்பக்கம்தான் ஒட்டியிருக்கிறது. கழுவினால் முதலில் போவது அதுதான். உப்பைக் கரைத்து வடிகட்டி, அந்த உப்புத் தண்ணீரையே சமையலுக்கு ஊற்றுங்கள், அயோடின் வீணாகாது.

ஜாடி அடுப்பை ஒட்டி இருக்கக் கூடாது. வெக்கையும் ஈரமும் அயோடினுக்கு ஆகாது. பழைய காலத்து உப்பு மரவை அழகுதான். ஆனால் திறந்தே கிடக்கும். மூடியுள்ள கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி போதும். ஆறு மாதத்துக்கு உப்பை வாங்கி அடுக்க வேண்டாம். குழம்பு கொதிக்கும்போது கொஞ்சம் அயோடின் குறையத்தான் செய்யும். முடிந்தவரை இறக்கும் சமயத்தில் உப்புப் போடுங்கள். அயோடின் உப்பு போட்டால் ஊறுகாயும் வடகமும் கெட்டுவிடும் என்பதில் உண்மை இல்லை.

'உப்பைக் குறை என்றும் சொல்கிறீர்கள், உப்பில் அயோடின் என்றும் சொல்கிறீர்களே' என்று ரத்தக்கொதிப்புக்காரர்கள் கேட்பார்கள். உப்பைக் கூட்டச் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அடைக்கும்போது அதைவிடக் கூடுதலாகவே சேர்க்கிறார்கள். ஒரு தேக்கரண்டி உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதோடு பால், மோர், முட்டை, மீன் சேரும்போது கணக்கு சரியாகிவிடும்.

மரவள்ளிக்கிழங்கு, முட்டைக்கோஸ், கம்பு இவற்றில் தைராய்டின் வேலையைக் கொஞ்சம் தடுக்கும் பொருட்கள் உண்டு. அதற்காகக் கம்பங்கூழை விட்டுவிட வேண்டாம். அயோடின் போதுமான அளவு கிடைக்கிற உடம்பை இவை ஒன்றும் செய்யாது. தினமும் கம்பும் கிழங்குமாகச் சாப்பிட்டுக்கொண்டு, உப்பும் இந்துப்பாக இருந்தால்தான் தொந்தரவு. சிறுதானியத்துக்கும் இந்துப்புக்கும் ஒரே நாளில் மாறிய வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். புகையும் அயோடினுக்கு எதிரிதான். அதை வீட்டு ஆண்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று நகரத்திலும் ஊரிலும் பார்க்கிற தைராய்டு மந்தத்தில் பெரும்பாலானது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அயோடின் உப்பு சாப்பிட்டால் அது குணமாகாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. அயோடின் உப்பை விடவும் தேவையில்லை. 'அயோடின் உப்பால்தான் தைராய்டு வருகிறது' என்ற பேச்சில் துளி உண்மை இருக்கிறது. குறைபாடு இருந்த ஊரில் அயோடின் வந்து சேரும்போது, சிலருக்கு, அதிலும் பழைய கழலை உள்ள வயதானவர்களுக்கு, சுரப்பியில் கோளாறு தலைகாட்டுவது உண்டு. அதற்குப் பயந்து எல்லோருடைய உப்பிலும் அயோடினை நிறுத்தினால் நஷ்டம்தான் பெரிது. ஆபத்து வருவது கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று தாமாக வாங்கிச் சாப்பிடும்போதுதான். எங்கள் மருந்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அமுக்கரா சூரணம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் கூட்டிவிடும். மாத்திரையில் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

கைக்குழந்தைக்கு ஒரு வயது வரை உப்பே வேண்டாம். அதற்கு வேண்டிய அயோடின் தாய்ப்பாலில் போய்ச் சேரும், தாய் சரியான உப்பைச் சாப்பிட்டால். அயோடினுக்குச் சம்பந்தம் இல்லாமலே, பிறக்கும்போதே தைராய்டு சுரப்பி சரியாக அமையாத குழந்தைகளும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று உண்டு. பிறந்தவுடன் அது வெளியே தெரியாது. அதனால் பிரசவம் ஆனதும் மூன்றாம் நாள் போலக் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு சோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் அந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். மாதக் கணக்கில் தாமதமானால் போன புத்தி திரும்பி வராது. ஆஸ்பத்திரியில் அவர்களே செய்துவிட்டார்களா என்று, பெயர் வெட்டி வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.